ஏறும்போது நின்ற வண்டி, இறங்கும்போது நிற்காத வண்டி: ஏற்காட்டுப் பாதையில் ஒரு பத்மினி

ஆய்வுக்கு எடுத்த வண்டி 1980களின் நடுவில் வந்த ஒரு பிரீமியர் பத்மினி. 1,089 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங் தண்டை ஒட்டிய கியர் கம்பி, நான்கு கியர், பின்சக்கர இழுவை, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டில் நிற்கிறது. வாரநாளில் அசையாது, ஞாயிறு காலையில் ஏற்காடு போய் வரும். ஒரே வண்டி, ஒரே உரிமையாளர் என்று சொல்வது வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்பதற்காகத்தான். மலைக்குப் போய்வரும் பழைய வண்டிகளில் திரும்பத் திரும்பத் தென்படும் குறைகளை ஒரு வண்டியின் மேல் வைத்து எழுதியது இது.

புகார் இதுதான்: "பாதி மலை ஏறினதும் வண்டி நின்னுருதுங்க. அரை மணி நேரம் விட்டா எடுத்துக்குது." இந்த ஒரு புகாருக்காக அதற்குள் புது காயில் மாட்டியாகிவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றி ரிப்பேர் கிட் போட்டாகிவிட்டது. ரேடியேட்டரைக் கழுவியாகிவிட்டது. நடுவில் டிங்கரிங் வேலை முடித்து முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறையும் தைத்தாகிவிட்டது. பிரேக் டிரம்மை மட்டும் யாரும் கழற்றவில்லை. கேட்டால், "பிரேக் நல்லாத்தான் பிடிக்குதுங்க" என்ற பதில் வந்தது. சேலம் தெருவில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான்.

மலைக்கென்று பழைய வண்டி வைத்திருப்பவர்கள் செலவு செய்யும் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது என்பது எங்கள் முடிவு. முதல் பணம் பெயின்டுக்கு, அடுத்தது ஏறும்போது நிற்காமல் இருக்க, மிச்சம் இருந்தால் பிரேக்குக்கு. ஏறும்போது நின்றால் ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். இறங்கும்போது நிற்காவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பாதை

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியது. கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை சமதளம்தான். அடிவாரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், 20 கொண்டை ஊசி வளைவுகளோடு, வண்டி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வேண்டும். சராசரிச் சரிவு இருபதுக்கு ஒன்று. வளைவுகளின் உட்பக்கத்தில் இதைவிட நல்ல செங்குத்து. நாலு பேர் ஏறிய பத்மினி 1,200 கிலோவைத் தொடும், எஞ்சினோ 40 குதிரைத்திறனை ஒட்டியது. எனவே பெரும்பாலான தூரம் இரண்டாம் கியர், கொஞ்சம் மூன்று, சில வளைவில் முதல் கியர். இந்த வேகத்தில் முகப்பில் காற்று மோதுவது குறைவு, எஞ்சின் சுற்றுவது அதிகம். நிற்கும் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஏன் நின்றது

இந்தப் புகாரில் ஆளைக் குழப்புவது, "அரை மணி நேரம் விட்டால் எடுத்துக்கொள்கிறது" என்ற பகுதி. குறைந்தது நான்கு வெவ்வேறு குறைகள் ஓய்வு கொடுத்தால் தாமாகச் சரியாகிவிடும்.

இக்னிஷன் காயில் சூடேறினால் உள்சுற்று விட்டுப்போய், ஆறினால் திரும்பச் சேரும். பெட்ரோல் குழாயிலும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தரும் ஏ.சி. பம்பிலும் பெட்ரோல் ஆவியாகி, ஆறினால் திரும்பத் திரவமாகும். டேங்கில் உள்ள துரு உறிஞ்சு குழாயின் வாயில் அடைத்துக்கொண்டு, உறிஞ்சல் நின்றதும் கீழே விழும். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. வண்டி நின்றிருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் நான்கும் சரியாகிவிடுவதால், அவர் கையில் எது இருக்கிறதோ அதை மாற்றிவிட்டுப் போகிறார். இந்த வண்டியில் காயில் மாறியதும் அப்படித்தான்.

எனவே வண்டி நின்ற முதல் மூன்று நிமிடம் பொன்னான நேரம். ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றி பேட்டரியைத் தின்னக் கூடாது. முதலில் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுக்க வேண்டும். உள்ளே காற்று இழுக்கும் 'உஸ்' சத்தம் பலமாகக் கேட்டால் மூடிதான் காரணம். அடுத்து ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சினை அணைத்தே வைத்து, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் கம்பியை ஒருமுறை முழுதாக இழுக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் பீச்சியடித்தால் கார்புரேட்டரின் ஃப்ளோட் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது. குறை மின்சாரப் பக்கம். பீச்சவில்லை என்றால் தொட்டி காலி. குறை பெட்ரோல் பக்கம். மின்சாரப் பக்கம் என்றால் டிக்கியில் வைத்திருக்கும் உபரிப் பிளக்கை வயரில் மாட்டி, எஞ்சின் இரும்பில் சாய்த்து, ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்க்கலாம். இதைக் கார்புரேட்டருக்கும் பெட்ரோல் ஹோஸுக்கும் தள்ளிச் செய்ய வேண்டும். நீலமாகப் பொறி வந்தால் காயிலும் கண்டென்சரும் குற்றமற்றவை. மஞ்சளாக, மெலிதாக வந்தால் முதலில் கண்டென்சரையும் சி.பி. பாயின்டையும் (காயிலுக்கு மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் தொடுமுனை) பார்த்துவிட்டுத்தான் காயிலுக்குப் போக வேண்டும்.

இந்த வண்டியில் ஃப்ளோட் தொட்டி காலி. பொறி நன்றாக இருந்தது. மூடியில் சத்தம் இல்லை. ஏ.சி. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டது. மலைப்பாதை டிரைவர்கள் தலைமுறையாகச் செய்துவரும் அந்த ஈரத்துணி வைத்தியம் நோயையும் சொல்லிவிடுகிறது: குழாயில் ஆவி அடைப்பு.

ஆனால் இதே வண்டி இருபது ஆண்டு முன்னால் இதே மலையை நிற்காமல் ஏறியது. மாறியது எது என்று தேடியதில் மூன்று கிடைத்தன.

முதலாவது, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸ். பிதுக்கிப் பார்த்தால் மெத்தென்று இருந்தது. வளைத்தால் மேல்தோலில் மயிரிழை வெடிப்பு. டேங்க் பின்னால், பம்ப் முன்னால் எஞ்சின் பிளாக்கை ஒட்டி. அவ்வளவு தூரத்தையும் பம்ப் உறிஞ்சித்தான் இழுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். தரையில் ஒரு துளி கூடத் தெரியாது. அதனால்தான் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

இரண்டாவது, பெட்ரோலே மாறிவிட்டது. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தனியாக 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலோடு சேர்ந்தால் அதற்கும் கீழேயே ஆவியாகத் தொடங்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம். பழைய ரப்பரை உப்பவைப்பதும் வெடிக்கவைப்பதும் இதே எத்தனால்தான். பம்ப் டயாபிரம், கார்புரேட்டரின் ஊசி வால்வு நுனி, கார்க் கேஸ்கெட் எல்லாம் இதன் கைக்கு எட்டியவை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கித் துருவை வளர்க்கும்.

மூன்றாவது, கார்புரேட்டருக்கும் அதை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பேக்லைட் தடுப்புக் கட்டை காணோம். முன்பு எப்போதோ கழற்றியவர் அதை விட்டுவிட்டு வெறும் பேப்பர் கேஸ்கெட் வைத்து மூடிவிட்டார். மேனிஃபோல்டின் சூடு நேராகக் கார்புரேட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது.

செய்த வேலை இது. டேங்கை இறக்கிக் கழுவித் துருவை எடுத்தது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனாலைத் தாங்கும் தரத்துக்கு மாற்றியது. கடையில் கேட்கும்போது எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 'பெட்ரோல் டியூப்' என்று மீட்டர் கணக்கில் தரும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் எஞ்சின் அறைக்கு ஆகாது. பம்புக்குப் புது டயாபிரம், ஊசி வால்வு புதிது. பேக்லைட் கட்டையைத் திரும்ப வைத்து இருபக்கமும் கேஸ்கெட். சைலென்சர் மேனிஃபோல்டுக்கும் பெட்ரோல் குழாய்க்கும் நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு. பெட்ரோல் குழாயை வெந்நீர் ஹோஸோடு சேர்த்துக் கட்டியிருந்ததைப் பிரித்துத் தள்ளி வைத்தது. வண்டி நிற்பது இதோடு நின்றது.

சிலர் டேங்க் பக்கத்தில் சிறிய எலக்ட்ரிக் பம்ப் வைத்துத் தள்ளவைக்கிறார்கள். அது நல்ல தீர்வுதான். அழுத்தம் 2 முதல் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது, போனால் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழியும். எஞ்சின் ஆயில் அழுத்தம் விழுந்தால் பம்பும் நிற்கும்படி ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் மோதலில் குழாய் அறுந்தாலும் பம்ப் பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும்.

ஜெட் விஷயம்

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் நகர முடியாது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு எரிய வேண்டிய காற்று குறைவு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைதான் ஜெட். சுத்தப் பெட்ரோலுக்கு அளந்த ஜெட்டில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஓடினால் கலவை ஏறத்தாழ 8 சதவீதம் மெலிந்துவிடும், அதாவது காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இருக்காது. அதே நேரம் ஏற்காட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் இதை அறியாமல் பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகவே விடும். கணக்குப் போட்டால் அந்தக் கூடுதல் 6, 7 சதவீதம் வருகிறது. அதாவது ஏற்காட்டு ஏரிக்கரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. மேலே வண்டி தேன்போல ஓடும். கீழே அடிவாரத்தில், முழு பாரத்தில், மெலிந்த கலவையில் எஞ்சின் வறுபடும். மேலே நிறுத்தி ஐடில் திருகைத் திருகிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்வது ஏமாற்றும்.

எனவே ஜெட்டை அடிவாரத்துக்குத் தகுந்தபடி அமைக்க வேண்டும். மூன்றாம் கியரில் முதல் சில வளைவுகளை முழு மூச்சில் ஏறி, எஞ்சினை அணைத்து ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தால் கலவை மெலிவு. வெளிறிய பழுப்பு சரி. கரி படிந்தால் அதிகம். 8 சதவீதம் கூடுதல் பெட்ரோலுக்கு ஜெட் விட்டத்தில் 4 சதவீதம் போதும். இந்த வண்டியின் சோலக்ஸ் கார்புரேட்டரில் ஜெட்டின் எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் குறிப்பது. 115 என்று இருந்தால் 120 போட்டுப் பார்க்கலாம். இருக்கும் ஜெட்டைக் கம்பியால் குடைந்து பெரிதாக்குவதை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள முடியாது. துளை வட்டம் கெட்டால் எந்த அளவும் நிற்காது.

ரேடியேட்டர் பற்றிச் சுருக்கமாக. போர் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால் குழாய்களில் உப்புப் படிந்திருந்தது. மேலோட்டக் கழுவலில் அது போகாது. ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். அதன்பின் காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் மட்டும். ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் முக்கியம். அதற்காக, இருப்பதைவிட அதிக அழுத்த மூடியை மாட்டினால் பழைய ஈயப்பற்று பிளக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வைத்தியமல்ல.

மேலே

ஒண்டிக்கடை தாண்டி லூப் ரோட்டில் இறங்கியதும்தான் இந்த வண்டியை வைத்திருப்பதன் பொருள் முழுதாகத் தெரியும். 32 கிலோமீட்டர் சுற்று. காபித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, சின்னச் சின்ன ஏற்றம், சின்னச் சின்ன இறக்கம். எஞ்சினும் பிரேக்கும் சூடேறும் முன்பே ஆறிவிடும். பழைய வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சாலை சேலம் மாவட்டத்தில் இல்லை என்று துணிந்து சொல்வோம்.

புது வண்டியில் இதே சுற்றை 50, 60-இல் போனாலும் மனதில் ஒன்றும் பதியாது. பத்மினியில் 30 கிலோமீட்டர் வேகமே முழு வேலை. முதல் கியருக்கு சின்க்ரோ (கியர்களின் சுற்றைத் தானே பொருத்தும் அமைப்பு) இல்லை. ஓடும்போது போட வேண்டும் என்றால் கிளட்சை இருமுறை மிதித்து, நடுவில் நியூட்ரலில் எஞ்சினை ஒரு தட்டு தட்டி, சுற்று பொருந்தும் நொடியில் தள்ள வேண்டும். வளைவுக்கு முன்பே கியரைத் தீர்மானித்துவிட வேண்டும், வளைவுக்குள் யோசிக்க நேரம் இல்லை. சரியாக விழுந்தால் விரலில் வெண்ணெய் மாதிரி. தவறினால் ஊருக்கே கேட்கும். இந்தக் கைவேலை படியப் படிய, ஓட்டுபவருக்குத் தன் உடம்பே கொஞ்சம் நீண்டுவிட்டது போன்ற தெளிவு வருகிறது. மெல்லிய கண்ணாடித் தூண்கள், முன்கதவில் தனியாகத் திறக்கும் முக்கோணக் கண்ணாடி, அதைத் திருப்பினால் நேராக முகத்தில் அடிக்கும் மலைக்காற்று. மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் காபி பூக்கும்போது அந்த வாசனை ஏசி வண்டியின் மூடிய கண்ணாடிக்குள் வராது. முன்சீட்டு ஒரே பெஞ்சு. குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்துவிட்டுப் பெரியவர்கள் முன்னால் பேசிக்கொண்டே போகலாம்.

மே மாதக் கோடை விழா நாட்களில் மட்டும் இந்த வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். மலைப்பாதையில் வரிசையாக ஊர்ந்து நிற்கும்போது கிளட்சும் ரேடியேட்டரும் படும் பாட்டில் மகிழ்ச்சி எதுவும் மிஞ்சாது.

இறக்கம்

1,200 கிலோ எடை ஆயிரம் மீட்டர் கீழே இறங்குகிறது. அதில் அடங்கிய ஆற்றல் சுமார் 1 கோடியே 18 லட்சம் ஜூல்; மின்சாரக் கணக்கில் மூன்றேகால் யூனிட். டயர் உருளும் உராய்வு அதில் கால்பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் எஞ்சினுக்கோ பிரேக்குக்கோ போயாக வேண்டும். நியூட்ரலில் இறங்கினால் முழுவதும் பிரேக்குக்கு. நான்கு டிரம்மும் சேர்த்து 30 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், சூடு வெளியேறவே இல்லை எனில் அந்த ஆற்றல் அவற்றை 500 டிகிரிக்கு மேல் கொண்டுபோகும். காற்றில் பெருமளவு ஆறிவிடும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு மிச்சம் வைக்கிறோம் என்பதுதான் உயிர்க்கணக்கு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து இறங்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதில் மிச்சமாவது நாற்பது, ஐம்பது ரூபாய்.

இந்த வண்டியின் டிரம்மைக் கழற்றியபோது கண்டவை: டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனிங்கின் கனம் நன்றாக இருந்தது, ஆனால் மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளப்பு. பின் இடது வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கினால் உள்ளே ஈரம். பிரேக் ஆயில் டீ டிகாக்ஷன் நிறத்தில். எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. முன் பிரேக் ஹோஸ் ஒன்று உட்பக்கம் உப்பிப்போய், பெடலை விட்ட பிறகும் அந்தச் சக்கரம் சில நொடி பிடித்தபடி இருந்தது. வலப்பக்க டிரம் பலமுறை லேத்தில் கடைந்து மெலிந்தது. இவற்றில் எதுவும் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் தெரியாது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-இல் இவை 230-உம் 155-உம். கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டியில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் போய்விடும்.

பெடல் சொல்வதைக் காலால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெடல் கல்லுப்போல இருந்தும் வண்டி வேகம் குறையவில்லை என்றால் லைனிங் சூட்டில் வழுக்குகிறது. பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போய் ஆனால் அங்கே கெட்டியாக நின்றால், சூட்டில் டிரம் விரிந்து, லைனிங் ஒட்டிய ஷூவை விட்டு விலகியிருக்கிறது. டிரம்மில் இது எப்போதும் உண்டு. பெடல் பஞ்சுபோல இருந்தால் ஆயில் கொதிக்கிறது. முதல் இரண்டுக்கும் அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டலாம். மூன்றாவதுக்கு அந்த நொடியிலேயே பெடலைப் பலமுறை அடித்து, கியரைக் குறைத்து, மலைப்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்திவிட வேண்டும்.

வேலை முழு செட்டாகவே நடந்தது. நான்கு வீல் சிலிண்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் புது ரப்பர். உட்சுவரில் துரு குழி விழுந்த பின் இடது சிலிண்டர் முழுதாகப் புதிது. குழி விழுந்ததை எமரி போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது இரண்டு மாதம்கூட வராது. ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. டிரம் இரண்டு ஜோடியையும் லேத்தில் பார்த்து, கையேட்டு வரம்பைத் தாண்டிய வலது டிரம்மைக் கழித்துவிட்டு, அதே அச்சின் இரு பக்கமும் ஒரே உள்விட்டம் வரும்படி கடைந்தது. மெலிந்த டிரம் சூட்டைத் தாங்கும் இரும்பு குறைந்த டிரம் என்பதை லேத் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கடைந்த பின் ஷூவின் வளைவு புது விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். லைனிங் முழுக்கச் சாக்பீஸ் தடவி டிரம்முக்குள் வைத்துத் தேய்த்தால் எங்கே தொடுகிறது என்று தெரியும். நடுவில் மட்டும் அழிந்தால் இரு நுனியும் சும்மா இருக்கின்றன. ஷூவைத் தீட்டிப் பொருத்த வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. பிரேக் பாகங்களைப் பெட்ரோலிலும் டீசலிலும் கழுவுவது பல பட்டறைகளில் வழக்கம். அந்த எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி சிலிண்டரில் சிக்கும். ஸ்பிரிட்டிலோ புது பிரேக் ஆயிலிலோ மட்டும் கழுவ வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தள்ளியிருக்கும் சக்கரத்தில் தொடங்கி, மிக அருகில் இருப்பதில் முடிக்க வேண்டும். முழு ஆயிலும் மாற அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் செலவாகும். முத்திரை உடைக்காத டாட் 4 டப்பாவை வாங்கி, மிச்சத்தை வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழை முடிந்து மாற்றுவது சேலத்துக்குப் பொருந்தும். புது லைனிங் போட்ட வண்டியை நேராக மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. சமதளத்தில் 200, 300 கிலோமீட்டர் ஓடிப் படிந்த பின், அட்ஜஸ்ட்மென்டை மறுபடி பார்த்துவிட்டு ஏற வேண்டும்.

இறங்கும் முறை எளியது. எந்தக் கியரில் ஏறினதோ அதில்தான் இறங்க வேண்டும். இரண்டாம் கியரில் 25, 30-இல் எஞ்சின் 2,500 சுற்றை ஒட்டி ஓடி, இழுப்பின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். பிரேக்கில் காலை லேசாக வைத்தபடியே இறங்கக் கூடாது. 30-இலிருந்து 20-க்கு அழுத்திக் குறைத்து, முழுதாக விட்டு, மறுபடி ஏறும்வரை ஆறவிட வேண்டும். வளைவில் எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது விதி. பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு மேலேயே நின்றுவிடுவது நல்லது, ஏறும் பஸ்ஸை நிறுத்தினால் இருவருக்கும் கஷ்டம். பாதி இறக்கத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரங்களின் பக்கத்தில் கையைத் தொடாமல் கொண்டுபோய்ப் பார்க்கலாம். இடமும் வலமும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்த ஷூ விடாமல் பிடிக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை, மற்ற மூன்றும் அதன் சுமையைத் தூக்குகின்றன. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். சாலையில் கிடக்கும் கல் அடுத்த பைக்காரருக்கு எமன்.

செலவும் ஆவணமும்

அடிவாரத்திலிருந்து ஏறும்போது லிட்டருக்கு எட்டு, ஒன்பதுதான் கிடைக்கும். இறக்கத்தையும் சேர்த்தால் ஒரு பயணத்துக்கு ஐந்தாறு லிட்டர். இது பெரிய செலவே இல்லை. பாகங்களும் தனித்தனியாகப் பார்த்தால் மலிவு. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், ஊசி வால்வு எல்லாம் சில நூறு ரூபாய்க்குள். கூலியும் நாட்களும்தான் செலவு. லேத் கடை ஒரு நாள், ரேடியேட்டர் கடை ஒரு நாள், இரண்டுக்கும் நடுவே அலைச்சல். பத்மினி தெரிந்த கைகள் குறைந்துவருவதால் ஒரு வேலைக்கு ஒரு வாரம் வண்டி நிற்பது சாதாரணம். இந்த வண்டியில் பெயின்டுக்கும் சீட்டுக்கும் போன தொகையில் மேலே சொன்ன பிரேக் வேலை, பெட்ரோல் குழாய் வேலை இரண்டையும் முடித்து மிச்சம் பிடித்திருக்கலாம்.

ஆர்.சி.யின் முதல் ஆயுள் 15 ஆண்டு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-ஐக் காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம்; வண்டியை ஆய்வாளர் முன் காட்ட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய காருக்கான மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 ஆண்டு தாண்டியதற்கு 10,000. தாமதித்தால் மாதத்துக்கு 500 கூடும். மாநிலத்தின் பசுமை வரி, ஆறு மாதப் புகைச் சான்று இவை தனி.

50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு ஒன்று உண்டு. 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டுச் செல்லுபடி, நம்பர் பலகையில் வி.ஏ. எழுத்து. 1970களின் முதல் பத்மினிகள் இந்த வயதை எட்டிவிட்டன. ஆசைப்பட்டு மாறிவிடாமல் விதியைப் படிக்க வேண்டும். அந்தப் பதிவுள்ள வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. ஞாயிறுதோறும் ஏற்காடு போக விரும்புபவருக்குச் சாதாரண ஆர்.சி.யே உகந்தது.

இன்சூரன்ஸில் ஐந்து ஆண்டு தாண்டிய வண்டியின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதே நடைமுறை. பாலிசி எடுக்கும் முன் வண்டியின் படங்களையும் செய்த வேலைகளின் பில்லையும் கொடுத்துப் பேசினால் மதிப்பு உயரும். பில் இல்லாமல் கைக்காசாக வேலை முடித்தவர்களுக்கு இங்கே பேச ஒன்றும் இருக்காது.

இந்த வண்டியில் இன்னும் பாக்கி இருக்கும் வேலைகள்: முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் புஷ்ஷில் ஆட்டம் தெரிகிறது, ஜாக்கி போட்டு மேலும் கீழும் அசைத்து அளந்து மாற்ற வேண்டும். டயர்களில் பள்ளம் நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு. பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரித்தது என்று சொல்லும். ஆறு ஆண்டு தாண்டியவற்றை நான்கையும் ஸ்டெப்னியோடு சேர்த்து மாற்ற வேண்டும். பத்மினியின் 5.20-14 அளவு எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே மூடுபனி இறங்கும். பகலிலேயே விளக்கும் வைப்பரும் ஓடும். மெதுவாக ஊரும்போது பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று வோல்ட் மீட்டர் வைத்து மழைக்கு முன் பார்த்துவிட வேண்டும். கிங் பின்னும் டயரும் முடியும்வரை வண்டி ஏற்காடு போகாது. கோரிமேடு வரை வாரம் ஒருமுறை, எஞ்சின் முழுச் சூட்டை எட்டும்படி இருபது நிமிடம் ஓடினால் போதும்.